மணற்பாறையின் நியமம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து எல்பே நதியின் கரையோரமாகத் தென்கிழக்கே செல்வோர், பாட் ஷாண்டாவ் என்னும் ஊரை நெருங்குகையில், அடர்ந்த காடுகளுக்கு மேலே தனித்தனியாக எழுந்து நிற்கும் பாறைத் தூண்களைக் காண்பர். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசத்தில் பரவியிருந்த கடலின் அடியில் படிந்த மணலே காலப்போக்கில் இறுகிக் கல்லாகி, பின்னர் நீராலும் உறைபனியாலும் அரிக்கப்பட்டு இவ்வடிவங்களை அடைந்தது. ஏறுவதற்குரிய சிகரங்கள் என்று இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கணக்கில் உள்ளன. இவற்றில் ஏறியவர்களின் சரித்திரத்துக்குப் பெருமை தருவது, எட்டிய உயரங்களைக்காட்டிலும், வேண்டாமென்று அவர்கள் விலக்கிய சாதனங்களே என்பது என் துணிபு.

1864-இல் ஷாண்டாவைச் சேர்ந்த தேகப்பயிற்சிக் கழகத்தினர் சிலர், செயற்கைச் சாதனங்களின் துணையோடு ஃபால்கன்ஸ்டைன் சிகரத்தை அடைந்தனர். அதுவே தொடக்கமென்று கொள்ளப்படுகிறது. பத்தாண்டுகள் கழித்து 1874-இல் மோன்ஷ்டைன் பாறையில் இருவர் அத்தகைய துணையின்றியே ஏறியபோது புதியதொரு மார்க்கம் பிறந்தது. 1892-இல் ஆஸ்கர் ஷூஸ்டர் அதே ஃபால்கன்ஸ்டைனில் கண்ட வழி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ருடால்ஃப் ஃபேர்மனும் ஆலிவர் பெரி-ஸ்மித் என்னும் அமெரிக்க இளைஞரும் சேர்ந்து 1905-இல் பார்பரீன் என்ற ஒல்லியான தூணிலும், அடுத்த ஆண்டு டாய்ஃபெல்ஸ்டுர்ம் கோபுரத்திலும் ஏறினர். 1908-இல் இப்பாறைகளுக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஃபேர்மன், 1913-இல் வெளியிட்ட அதன் அநுபந்தத்தில், அதுவரை வாய்மொழியாக இருந்த சம்பிரதாயங்களை விதிகளாக வகுத்தார்.

அவ்விதிகளுக்கு மூலகாரணம் கல்லின் சுபாவமே. மேலே சற்றுக் கெட்டியான தோல் போர்த்திருந்தாலும் உள்ளே மென்மையான இம்மணற்கல், ஈரம் பட்டால் பலமிழந்து பிடிகளோடு பெயர்ந்துவிடும். இரும்புக் கருவிகளைச் செருகினால் பிளவுகள் தேய்ந்து அகன்றுவிடும். ஆதலால் மழைக்குப்பின் பாறை உலரும்வரை ஏறலாகாது. உலோகக் கருவிகளும் கையில் பூசும் வெண்பொடியும் ஆகா. கயிற்று வளையத்தில் போட்ட முடிச்சைப் பிளவின் இடுக்கில் பொருத்தி, கீழ்நோக்கி இழுத்துப் பார்த்து, அதில் தம் கயிற்றை மாட்டிக்கொள்வதே ஏறுவோருக்குரிய காவல். பிளவே இல்லாத இடத்தில், அவ்வழியே முதன்முதலாக ஏறுபவர் மட்டும், கீழிருந்து ஏறிச்சென்ற நிலையிலேயே, பாறையைக் குடைந்து இரும்பு வளையமொன்றைப் பதிக்கலாம். பின்வருவோர் தம் இஷ்டப்படி வளையம் சேர்க்க இயலாது. அவ்வளையமும் விழுந்தால் தாங்குவதற்கேயன்றிப் பிடித்து ஏறுவதற்கன்று.

இப்பள்ளியில் தேர்ந்து, 1929-இல் அமெரிக்கா சென்ற ஃபிரிட்ஸ் வீஸ்னர், 1939-இல் பாசங் தாவா லாமாவுடன், பிராணவாயுக் குப்பியின்றிக் கே-2 சிகரத்தின் உச்சிக்குச் சுமார் 230 மீட்டர் கீழ்வரை சென்றார் என்றால், மென்கல்லில் பெற்ற பயிற்சி எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பார்பரீனின் தலைப்பகுதி சிதைந்து வந்தமையால், 1975 முதல் அதன்மேல் ஏறுவது அறவே தடுக்கப்பட்டது. விரும்பிய சிகரத்தையே விட்டுக்கொடுக்கச் செய்த இத்தடை, ஃபேர்மன் வகுத்த நியமத்தின் நியாயமான முடிவேயாகும்: பாறைக்குக் கேடின்றி ஏற இயலாதபோது ஏறாதிருப்பதே ஏறுவோரின் தர்மம்.