ரெண்டும் ஒண்ணுதான், ஆனா யாரோடது? தேடுபொறிகள் கற்றுக்கொண்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2014. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். எங்க தாத்தா வடசென்னையில, இப்போ மூடிக் கிடக்கிற ஒரு மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல தறி ஓட்டினவர். ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள்ள தறிச் சத்தம் எப்படி ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்ட்ரைக் நேரத்துல எந்த மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார், யார் முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு அவர் சொல்லச் சொல்ல எழுதி, என் வலைப்பூவில் போட்டேன். ரெண்டாயிரம் வார்த்தை இருக்கும். மிஞ்சிப்போனா நாற்பது பேர் படிச்சிருப்பாங்க.

ஒரு நாள் தாத்தா, "நீ எழுதினதைக் காட்டுடா"ன்னார். போன்ல மில் பேரும் 'தறி'யும் போட்டுத் தேடினேன். முதல் இடத்துல என் கட்டுரைதான் வந்துச்சு. ஆனா அது என் பக்கம் இல்ல. ஒரு பெரிய தளம், தலைப்பை மட்டும் மாத்தி அப்படியே எடுத்துப் போட்டிருந்தாங்க. கீழே வேற யாரோ பேர். என் பக்கம் அந்தப் பட்டியல்லயே காணோம்.

தாத்தா கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டு அந்தப் பேரைப் படிச்சார். "யாருடா இது? இவன்கிட்ட நான் எப்போ பேசினேன்?"

அப்போ எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்தப் பதிலைத் தேடிப் போனப்போ கிடைச்ச வரலாறுதான் இந்த எபிசோட்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

நாம ஒண்ணைத் தேடும்போது தேடுபொறி ரெண்டு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கணும். ஒண்ணு, இந்தப் பக்கம் கேட்டவருக்குப் பொருந்துமா? இன்னொண்ணு, இதையே சொல்ற வேற பக்கம் ஏற்கெனவே கையில இருக்கா? ரெண்டுக்கும் தனித்தனி வரலாறு இருக்கு. முதல் கேள்வி கூகுளை விட ரொம்ப வயசு மூத்தது.

1950-களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் வேலை பார்த்தார். நூலகங்கள்ல அறிவியல் கட்டுரைகள் மலை மாதிரி குவிஞ்சுக்கிட்டு இருந்த நேரம். ஒரு கட்டுரை எதைப் பத்தியதுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? 1957-ல் அவர் முன்வைத்த யோசனை: அதுல எந்தச் சொல் அடிக்கடி வருதுன்னு எண்ணுங்க.

ஆனா எல்லாக் கட்டுரையிலயும் அடிக்கடி வர்றது 'அந்த', 'ஒரு', 'என்று' மாதிரி சொற்கள்தானே? 1972-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதுக்கு ஒரு வழி சொன்னார். ஒரு சொல் எத்தனை ஆவணங்கள்ல வருதுன்னு பாருங்க. கொஞ்ச ஆவணங்கள்ல மட்டும் வந்தா அதுக்கு எடை அதிகம். எல்லா இடத்துலயும் வந்தா எடை கிட்டத்தட்ட பூஜ்யம். 'அந்த மில்லுல தறி'ன்னு தேடினா, 'அந்த' ஒண்ணும் சொல்லாது. 'தறி'தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இன்னைக்கும் பல தேடல் மென்பொருட்களுக்கு அடித்தளம் இந்தக் கணக்குதான். அதை எழுதியவர் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஆனது 1999-ல், அந்தக் கட்டுரைக்கு 27 வருஷம் கழிச்சு.

நம்ம மொழியில இதுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம 'தறி'ன்னு தேடுவோம். கட்டுரையில 'தறிக்கு', 'தறியோட', 'தறியில'ன்னு இருக்கும். எழுத்தை மட்டும் எண்ணுற மெஷினுக்கு இதெல்லாம் வேற வேற சொல். வேர்ச்சொல்லைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால்தான் அதுக்குப் புரியும்.

1990-களில் வெப் வந்துச்சு. சொல்லை எண்ணுற முறைக்கு உடனே ஆபத்தும் வந்துச்சு. நூலகத்துல இருக்கிற கட்டுரை யாரையும் ஏமாத்த நினைக்காது. வெப்ல அப்படி இல்லையே. வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வெச்சாங்க. மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் கண்ணுக்குத் தெரியும்.

1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரினும் இதுக்குக் கொண்டுவந்த மாற்றுதான் பேஜ்ரேங்க். ஒரு பக்கம் தன்னைப் பத்திச் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, மத்தவங்க அதுக்கு இணைப்பு கொடுக்கிறாங்களான்னு பாருங்க. இணைப்பு கொடுப்பவருக்கே மதிப்பு இருந்தா அந்த இணைப்புக்கும் மதிப்பு கூடும். எந்த ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டுறாங்கன்னு பார்த்து எடைபோடும் பழக்கம் அறிவியல் உலகத்துல ஏற்கெனவே இருந்தது. அதை வெப்புக்குக் கொண்டுவந்தாங்க.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. நாலு பேர் தெரிஞ்சவன் சொன்னா ஊரே கேட்கும். நாற்பது பேர் படிச்ச வலைப்பூவுக்கு யார் இணைப்பு கொடுப்பா?

ஓடு வேய்ந்த கூரை

இப்போ ரெண்டாவது கேள்வி. ரெண்டு பக்கம் ஒண்ணுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தா சுலபம். ஒரு வரி மாறியிருந்தா? தேதி மட்டும் மாறியிருந்தா? கூகுளுக்கு முன்னாடி கொடிகட்டிப் பறந்த தேடுபொறி ஆல்டாவிஸ்டா. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் 1995 டிசம்பரில் அதைத் திறந்தது. அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆந்த்ரே ப்ரோடர், தன் சகாக்களோட சேர்ந்து 1997-ல் ஒரு முறையை வெளியிட்டார். பேர் 'ஷிங்கிளிங்'. ஷிங்கிள்னா கூரையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கிற ஓடு.

உதாரணத்துக்கு ஒரு வாக்கியம்: "பாட்டி வெச்ச மீன் குழம்பு மறுநாள் தான் ருசி." ஏழு சொல். இதை மூணு மூணு சொல்லா, ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வெட்டுங்க. 'பாட்டி வெச்ச மீன்', 'வெச்ச மீன் குழம்பு', 'மீன் குழம்பு மறுநாள்'... மொத்தம் அஞ்சு ஓடு. இப்போ ஒருத்தர் 'பாட்டி'யை 'அம்மா'ன்னு மாத்திட்டார்னு வைங்க. முதல் ஓடு மட்டும்தான் உடையும், மீதி நாலும் அப்படியே பொருந்தும். ரெண்டாயிரம் வார்த்தைக் கட்டுரையில தலைப்பை மாத்தினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. நாலைஞ்சு ஓடு போகும், கூரை அப்படியே நிக்கும். ப்ரோடர் குழு பத்துச் சொல் ஓடுகளைப் பயன்படுத்தினாங்க.

சரி, ஒவ்வொரு பக்கத்தையும் மத்த எல்லாப் பக்கத்தோடயும் ஒப்பிட முடியுமா? அவங்க கையில இருந்தது 3 கோடிப் பக்கம். ஜோடி ஜோடியா ஒப்பிட்டா நாலரை கோடி கோடி ஒப்பீடு. நடக்கிற காரியமா? அதனால ஒவ்வொரு ஓட்டையும் ஒரு எண்ணா மாத்தி, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே விதியில கொஞ்சம் எண்களை மட்டும் மாதிரியா எடுத்து வெச்சாங்க. பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான்.

என்ன கிடைச்சது தெரியுமா? அந்த 3 கோடியில் சுமார் 1 கோடியே 23 லட்சம் பக்கங்கள், இன்னொரு பக்கத்தோட நகலாகவோ கிட்டத்தட்ட நகலாகவோ இருந்துச்சு. நகலெடுக்கிறது ஏதோ இப்போ வந்த வியாதின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வெப் பிறந்து சில வருஷத்துலயே நிலைமை இதுதான்.

ஆனா அதுல பெரும்பகுதி திருட்டு கிடையாது. மென்பொருள் கையேடுகள், கேள்வி பதில் தொகுப்புகள், எல்லாருக்கும் வேகமா கிடைக்கட்டும்னு பல சர்வர்கள்ல வெச்ச பிரதிகள். எல்லாம் நல்ல எண்ணத்துல எடுத்த நகல்கள். அதனால தேடுபொறி தீர்க்க நினைச்ச பிரச்சினை, 'ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை காட்டி ஆளைக் கடுப்பேத்தக் கூடாது' என்பதுதான். பத்தையும் ஒரு குழுவா கட்டு, ஒண்ணை மட்டும் காட்டு. எதைக் காட்டினா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?

எங்க தாத்தா கதை மாட்டிக்கிட்டது அந்தக் கடைசிக் கேள்வியிலதான்.

இதே நேரத்துல தமிழ் வெப்ல ஒரு வேடிக்கை. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி டிஸ்கி, டேப், பாமினின்னு ஆளுக்கொரு எழுத்துருமுறை. ஒரே கட்டுரையை ஒருத்தர் பாமினியிலயும் இன்னொருத்தர் டிஸ்கியிலயும் போட்டா, நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. மெஷினுக்கு ஒரு ஓடு கூடப் பொருந்தாது.

முதலில் பதிவு செய்தவர்

சரி, 'யாரோடது?'ன்னு யாருமே யோசிக்கலையா? யோசிச்சாங்க. அதுவும் யார் தெரியுமா? செர்கே பிரின். கூகுள் பிறக்கிறதுக்கு முன்னாடி, 1995-ல், ஜேம்ஸ் டேவிஸ், ஹெக்டர் கார்சியா மொலினா ரெண்டு பேரோட சேர்ந்து, மின் ஆவணங்கள்ல நகலைக் கண்டுபிடிக்கும் ஒரு அமைப்பைப் பத்தி ஸ்டான்ஃபோர்டில் இருந்து ஆய்வுக்கட்டுரை எழுதினார். அதுக்குப் பேர் 'காப்ஸ்'.

அதோட அடிப்படை, பதிவு. எழுதினவர் தன் ஆவணத்தை முதல்ல ஒரு சர்வர்ல பதிவு செய்யணும். அப்புறம் வர்ற ஆவணங்களை அதோட ஒப்பிடலாம். ஒரே மாதிரி இருந்தா, எது முதல்ல வந்ததுன்னு பதிவேட்டுலயே இருக்கும்.

வெப்புக்கு அப்படி ஒரு சார்பதிவாளர் ஆபீஸ் இல்ல. தேடுபொறியின் சிலந்தி எந்தப் பக்கத்தை முதல்ல பார்த்ததுன்னு அதுக்குத் தெரியும். எது முதல்ல எழுதப்பட்டதுன்னு தெரியாது. பெரிய தளத்துக்கு அது நிமிஷத்துக்கு நிமிஷம் வரும். என்னை மாதிரி ஆளோட பக்கத்துக்கு எப்போ மனசு வருதோ அப்போ வரும். அதனால இணைப்பு, தளத்தோட பேரு மாதிரி சைகைகளை வெச்சு ஊகிக்கத்தான் வேண்டியிருக்கு.

இது என்னை மாதிரி சின்ன ஆளுக்கு மட்டும் நடந்ததும் இல்ல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, புரோகிராம் எழுதுற எல்லாருக்கும் தெரிஞ்ச தளம். அதுல இருக்கிற பதில்களைப் பேர் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் போடலாம்னு உரிமமே உண்டு. 2011 ஜனவரியில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் ஆட்வுட் வெளிப்படையாவே புகார் சொன்னார்: நகலெடுத்த தளங்கள் கூகுள்ல எங்களுக்கு மேலே வருது. அதே மாசக் கடைசியில் கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. நோக்கம், முதலில் எழுதியவர்களின் தளம் மேலே வர வாய்ப்பைக் கூட்டுவது.

அடுத்த மாசமே வந்தது பெரிய அடி. பின்னால 'பாண்டா'ன்னு பேர் பெற்ற மாற்றம். அமெரிக்காவில் மட்டும் 11.8 சதவீதத் தேடல்களை அது பாதிச்சுது. நகலெடுத்தும், சரக்கில்லாத கட்டுரைகளை ஆயிரக்கணக்குல அடுக்கியும் விளம்பரக் காசு பார்த்த தளங்கள் சரிஞ்சன. அதை அறிவிச்ச ரெண்டு பேரில் ஒருவர் அமித் சிங்கால். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்ட்டனிடம் படிச்சவர். லூன், ஸ்பார்க் ஜோன்ஸ் வரிசையில் தகவல் தேடல் துறையையே கட்டி எழுப்பினவர் சால்ட்டன். சொல்லை எண்ணும் கலையில வளர்ந்த மாணவரே, எண்ணுறது மட்டும் போதாதுன்னு தரத்தை அளக்க வேண்டி வந்தது.

தண்டனையா, தேர்வா?

இன்னைக்கும் நிறைய பேர் "நகல் உள்ளடக்கம் இருந்தா கூகுள் தண்டிக்கும்"னு பயப்படுறாங்க. 2008-லேயே கூகுள் தெளிவாச் சொல்லிடுச்சு, பொதுவா அப்படி ஒரு தண்டனை கிடையாது. நடக்கிறது தேர்வு. ஒரே மாதிரிப் பக்கங்களை ஒண்ணாக் கட்டி, ஒண்ணை மேடையேத்தும். 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து ஒரு குறியை ஏத்துக்கிட்டாங்க: 'இந்தப் பக்கத்தோட மூலம் அங்கே இருக்கு'ன்னு பக்கத்துக்குள்ளயே எழுதி வைக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனா திருடுறவன் அந்தக் குறியைப் போடுவானா?

2014-ல் என்னை யாரும் தண்டிக்கல. தேர்வுல தோத்துட்டேன், அவ்வளவுதான். மெஷின் ரெண்டு கட்டுரையையும் பார்த்து, 'ஒண்ணுதான்'னு சரியாவே கண்டுபிடிச்சிருக்கு. எதைக் காட்டலாம்னு பார்த்தப்போ, ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான இணைப்பு உள்ள தளம், இன்னொரு பக்கம் நாற்பது வாசகர்.

அந்தத் தளத்துக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்ல. அப்புறம் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்குன்னு தெரிஞ்சு, தேடுபொறிக்கு அனுப்பினேன். வரைவு எழுதின தேதி, தாத்தா பேசின ஒலிப்பதிவு எல்லாம் கைவசம் இருந்ததால தைரியமா அனுப்ப முடிஞ்சது. சில வாரத்துல அந்தப் பக்கம் தேடல்ல இருந்து போச்சு. என் பக்கம் வந்துச்சு. முடிவெடுக்க வெச்சது கணக்கு இல்ல, ஒரு மனுஷன் எழுதின புகார். எழுதுற நண்பர்களுக்கு நான் சொல்றது இதுதான்: வரைவுகளை அழிக்காதீங்க, தேதியோட வெச்சுக்கோங்க.

போன மாசம் இந்த எபிசோடுக்காக, ஓடு, கூரை, பதிவு எல்லாத்தையும் தாத்தாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு தறியில ஒரே ரகம் ஓடும்டா. பக்கத்துல வெச்சா எது நான் நெஞ்சதுன்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தானே துணி ஓரத்துல தறி நம்பர் போட்டோம். நீ எழுதினதுல நம்பர் போட்டியா?"

போடல தாத்தா. இப்போ போடுறேன். கட்டுரையோட முதல் வரியிலேயே அவர் பேரும், அவர் பேசின தேதியும் இருக்கு. யாராவது எடுத்துப் போட்டா, முதல் ஓட்டை உடைச்சுத்தான் எடுக்கணும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.