கூப்பிய கைகளுக்குள் ஒரு விடுதி

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஷிரகாவா-கோ. குளிர்காலத்தில் பனி ஆள் உயரத்தையும் தாண்டிக் குவியும். அந்தப் பாரத்தைத் தாங்கவே இங்குள்ள புல்வேய்ந்த கூரைகள் ஏறக்குறைய 60 பாகைச் சரிவில் நிற்கின்றன. பார்ப்பதற்குக் கூப்பிய கைகள் போலவே இருக்கும். இந்த வீடுகளுக்கு வழங்கும் 'கஷ்ஷோ' என்ற பெயருக்கும் அதுதான் பொருள்.

கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களில் ஆணியே கிடையாது. பெரும்பாலும் கயிற்றுக் கட்டுதான். வீட்டின் நடுவில் 'இரோரி' என்னும் கணப்பு. அதன் புகை மேலேறிப் புல்லையும் கயிற்றையும் கருக்கிப் பூச்சி அரிக்காமல் காக்கும். மேல்தளத்தில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள்.

பிறகு பட்டுத் தொழில் நலிந்தது. அணைக்காகப் பக்கத்து ஊர்கள் மூழ்கின. பல வீடுகள் கைமாறிப் போயின. மிஞ்சியதைக் காக்க 1971இல் ஷிரகாவா-கோவின் ஓகிமாச்சி கிராம மக்கள் ஒன்றுகூடி உறுதி எடுத்தார்கள்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். பிழைப்புக்குப் பல குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்தன. இதற்கு 'மின்ஷுகு' என்று பெயர்.

அந்த வருமானம் எளிதில் வருவதல்ல. விடிந்ததும் வாசல் பனியை வாரித் தள்ள வேண்டும். கணப்பு அணையாமல் பார்க்க வேண்டும். தீயென்றால் எப்போதும் அச்சம். முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்ற, 'யுயி' என்னும் முறைப்படி ஊரே கூலியின்றி ஏணி ஏறி வந்தது. இந்த ஒற்றுமைதான் ஊரைக் காப்பாற்றியது.

1995இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த வீடுகளில் சிலவற்றில் இன்றும் படுக்கை விரித்து விருந்தினரை வரவேற்கிறார்கள்.