ரூபாய்க் குறியின் இடம்

விலை எழுதும்போது நாணயக் குறியை எண்ணுக்கு முன்னால் இடுவதா, பின்னால் இடுவதா என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுபடுகிறது. இந்தியாவில் ₹100 என்று குறி முன்னால் நிற்கிறது. பிரான்சில் 100 € என்று பின்னால் நிற்கிறது. கோட்டுச்சேரிமேடு முதலிய ஊர்களைக் கொண்ட காரைக்கால் பகுதி 1739 முதல் 1954 வரை, இடையில் சில காலம் ஆங்கிலேயர் கைக்குப் போனது நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் இருந்த தஞ்சை மாவட்டம் ஆங்கிலேயருடையது. இதனால் சில மைல் தொலைவுக்குள்ளேயே இரண்டு வழக்கங்களும் புழங்கின.

தமிழில் இரு வரிசை

"நூறு ரூபாய்", "ரூபாய் நூறு" ஆகிய இரண்டும் தமிழில் பிழையற்றவை. முன்னதில் எண், பெயருக்கு அடையாக வருகிறது. பின்னதில் பொருளை முதலில் சொல்லி அளவைப் பின்னால் சொல்கிறோம். கடையில் விலை கேட்டால் "நூறு ரூபா" என்பார்கள். மொய் எழுதும்போதும், ஏலம் விடும்போதும், காசோலை நிரப்பும்போதும் "ரூபாய் நூற்றொன்று", "ரூபாய் ஆயிரம் மட்டும்" என்பதே வழக்கம். பேச்சில் எண் முந்துகிறது, கணக்கில் பொருள் முந்துகிறது.

கணக்கு வரிசை ஆங்கிலேயரிடமிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. சோழர் கல்வெட்டுகளில் கொடைத்தொகை "காசு நூறு" என்ற முறையில், காசை முன்னிட்டே பொறிக்கப்பட்டது. "பொன் பதின் கழஞ்சு" என்பதிலும் பொருள் முதலில், எண் அடுத்து, அளவை கடைசியில் வருகிறது. இன்றைய மளிகைச் சீட்டிலும் "பருப்பு 1 கிலோ" என்றுதானே எழுதுகிறோம்!

பழைய தமிழ்க் கணக்குகளில் ரூபாய்க்கு ௹ என்ற குறி இருந்தது. ரூ என்ற எழுத்தைச் சுருக்கி எழுதியதால் உண்டானது இது. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்பவை இதன் உடன்பிறப்புகள். இந்தக் குறிகளுக்கு 2003-இல் ஒருங்குறியில் இடம் கிடைத்தது. ௹ தொகைக்கு முன்னால் எழுதப்படுவது.

முன்னால் எழுதுவதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. பழைய தமிழ் எண்முறையில் ௱ என்றால் நூறு. அதன் இடப்பக்கம் ௯ சேர்த்தால் ௯௱, அதாவது தொள்ளாயிரம். கடன் பத்திரத்தில் ௱ என்று மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விட்டால், ஒரே எழுத்தில் கடன் ஒன்பது மடங்காகிவிடும். குறியை எண்ணோடு ஒட்டி எழுதினால் அந்த இடைவெளி அடைபடுகிறது. இன்றைய எண்முறையில் வலப்பக்கமும் ஆபத்தானதே. 100-இன் பின்னால் ஒரு சுழியம் போட்டால் ஆயிரம். ஆகவே ரூ. 100/- என்று பின்னாலும் கோடிட்டு, எழுத்தால் எழுதும்போது "மட்டும்" சேர்க்கிறோம். இந்த /- ஆங்கிலேயரின் சில்லிங் கணக்கில் பென்ஸ் இல்லை என்பதைக் காட்டிய கோடு. இங்கு அது சில்லறை இல்லை என்று பொருள்பட்டது. அணா ஒழிந்த பின்னும் கோடு ஒழியவில்லை.

ஆங்கிலேயரும் எல்லாவற்றையும் முன்னால் எழுதியவர்கள் அல்லர். பவுண்டுக் குறி £ எண்ணுக்கு முன்னால் வந்தது. பென்ஸைக் குறித்த எழுத்து எண்ணுக்குப் பின்னால் வந்தது. ஒரே தொகையிலேயே இரண்டு வழக்கம்!

காரைக்காலில்

பிரெஞ்சிந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 8 பனோன், ஒரு பனோனுக்கு 24 காஷ். பனோன் என்பது நம் பணம், காஷ் என்பது நம் காசு. வடக்கே 1845 வரை டேனியரிடம் இருந்த தரங்கம்பாடியிலும் இதே சொற்கள் பனோ, காஸ் என்று வழங்கின. தமிழ்ச் சொற்களைக் கொண்டுபோய் ஒவ்வொருவரும் தம் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள்.

சொல் தமிழானாலும் எழுதும் வரிசை பிரெஞ்சு. பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகளில் முதலில் பிராங்கும் சாந்தீமும் இருந்தன. 1923-இல் அவை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றப்பட்டபோது, பழைய தலைகளின்மேல் புதிய மதிப்பு அச்சிடப்பட்டது. அதில் 1 பனோன் 12 காஷ் என்ற முறையில் எண் முதலிலும் நாணயப் பெயர் அடுத்தும் நின்றன. எல்லைக்கு அப்பால் தஞ்சைப் பக்கத்துக் கணக்குப் புத்தகத்தில் ரூ. 5-8-0 என்றால் ஐந்து ரூபாய் எட்டணா. ஒரு ரூபாய்க்கு இங்கே எட்டுப் பனோன், அங்கே பதினாறு அணா. எல்லை தாண்டி வியாபாரம் செய்தவர் வரிசையோடு வாய்ப்பாட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1957 ஏப்ரல் 1-இல் அணா நீங்கி நயா பைசா வந்தது. காரைக்காலில் அஞ்சல்தலை வாங்கியவர் மூன்றாண்டுக்குள் பனோன், அணா, நயா பைசா என மூன்று சில்லறைக் கணக்குகளைப் படிக்க நேர்ந்தது. முதல் வகுப்பில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்த பிள்ளை நான்காம் வகுப்புக்குள் அதை இரண்டு முறை மறக்க வேண்டியதாயிற்று.

₹ வந்த பின்

2010 ஜூலை 15-இல் ₹ குறி ஏற்கப்பட்டது. இதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 2012 முதல் ரூபாய்த் தாள்களில் இது எண்ணுக்கு முன்னால் அச்சிடப்படுகிறது. அதே தாளின் பின்புறம் பதினைந்து மொழிகள் உள்ள பட்டியில் தமிழ் "நூறு ரூபாய்" என்றே சொல்கிறது. குறி கணக்கு வழக்கையும் எழுத்து பேச்சு வழக்கையும் பின்பற்றுகின்றன. இது முரண்பாடு ஆகாது.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தின் இலச்சினையில் ₹ நீங்கி ரூ இடம்பெற்றது. எந்தக் குறி என்று நாடு முழுவதும் வாதம் நடந்தது. எங்கே இடுவது என்று யாரும் கேட்கவில்லை. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. இந்த மாற்றம் அதைச் சேராது.

ஆனால் காரைக்காலில் பழைய வரிசை முற்றிலும் மறையவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருகிறது. பிரெஞ்சு முறைப்படி எழுதிய கடிதத்தில் தொகை 1 200,50 € என்று இருக்கும். ஆயிரத்தைப் பிரிப்பது இடைவெளி, காற்புள்ளி தசமத்துக்கு உரியது, குறி கடைசியில். இடைவெளியைக் கவனிக்காமல் காற்புள்ளியை நம் முறையில் படிப்பவருக்கு ஆயிரத்து இருநூற்றரை யூரோ ஒரு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சமாகத் தெரியும். வங்கியில் அந்தப் பணத்தை ரூபாயாக மாற்றிக் கணக்கில் ஏற்றும்போது ₹ மறுபடியும் முன்னால் வந்துவிடும்.