கடல் வளர்த்த உடல்

தேகாப்பியாசம் என்றதும் இக்காலத்து இளைஞர் மனத்தில் எழுவது இரும்புக் குண்டுகளும், நிலைக்கண்ணாடி பதித்த சுவர்களும், டப்பாவில் அடைத்த புரதமாவுமே. வல்வெட்டித்துறையிற் பிறந்தார்க்கு அச்சொல் ஒருகாலத்திற் பொருளற்றதாகவே இருந்திருக்கும். பாய்மரம் ஏற்றுதல், நங்கூரம் இழுத்தல், வத்தையிற் சரக்கேற்றிக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே தண்டு வலித்தல் ஆகியவற்றை நாள்தோறும் செய்தவனுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு? அவன் உழைப்பே அவனுக்குப் பயிற்சி. கடலே அவனுக்குப் பள்ளி.

இது வெறும் பெருமைப் பேச்சன்று. இவ்வூரிற் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அக்கப்பல் செங்கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதைச் செலுத்திச் சென்ற தண்டையலும் மாலுமிகளும் நம்மூரவர். 89 அடி நீளமுள்ள ஒரு மரக்கலத்தைக் காற்றின் துணைகொண்டே உலகின் மறுபுறம் கொண்டு சேர்த்த அவர்களுடைய தோள்வலியை அளக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

பயிற்சியைத் தனிக்கலையாக, மணியடித்து நேரம் வகுத்துக் கற்பித்த பெருமை மிஷன் பாடசாலைகளைச் சாரும். இந்து இளைஞர் மலரில் இதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை; அங்கே படித்த நாம் அதை மறைப்பதுதான் அழகன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி "வடக்கின் பெருஞ்சமர்" என்ற பெயரோடு இன்றும் நடைபெறுகிறது. எனினும் உடல்வலியைச் சமயத்துக்குப் புறம்பானதாக எண்ணும் மயக்கம் நம்மவரிடையே ஒருபுறம் இருந்தே வந்தது. 1897 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர், அடுத்துச் சென்னையிற் பேசியபோது, இளைஞர் கீதையைப் படிப்பதிலும் உதைபந்தாடுவதனால் இறைவனுக்கு அண்மையராவர் என்ற கருத்தைச் சொல்லிக் கேட்டோரைத் திடுக்கிடச் செய்தார். கீதையை இகழ்வது அவர் நோக்கமன்று. தளர்ந்த உடலில் அதன் பொருள் தங்காது என்பதே அவர் கண்டது.

இனி நம் கடலுக்கு வருவோம். 1954 ஆம் ஆண்டு தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து நீந்தத் தொடங்கி, ஏறக்குறைய 27 மணி நேரத்தின் பின் கோடிக்கரையை அடைந்தார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தோருள் முதல்வராக அவரையே கொள்வர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் 30 கிலோமீற்றர் அளவு. நம் கரையிலிருந்து கோடிக்கரையோ நேர்கோட்டில் 60 கிலோமீற்றர் வரையில் வரும். நீரோட்டம் நேர்கோட்டில் விடுவதில்லை ஆகையால், நீந்தியவர் கைவீசிய தூரம் இதனினும் கூடியது. புகழ்பெற்ற வங்க வீரர் மிஹிர் சென் 1966 ஏப்ரிலிற் குறுகிய வழியைக் கடக்க 25 மணி 36 நிமிடம் எடுத்தார் என்பதோடு ஒப்பிட்டால், பன்னிரண்டு ஆண்டு முன்னரே நம் அயலூரவர் செய்தது எத்தகையதென்பது விளங்கும்.

அவருக்குப் பின் எழுந்தவர் வல்வெட்டித்துறை தந்த வி. எஸ். குமார் ஆனந்தன். 1971 இல் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தி 51 மணி நேரத்தில் மீண்டார். "ஆழிக்குமரன்" என்று மக்கள் அவரை அழைத்தது பொருத்தமே. அவர் படிப்பாற் சட்டத்தரணி. சட்டப்புத்தகத்தோடு இருந்தவர்க்கு உடல் ஓம்ப நேரமில்லை என்று சொல்லும் நம் மாணாக்கர் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

1979 இல் 187 மணி நேரத்துக்கு மேலாக ஓயாது துவிச்சக்கர வண்டி ஓட்டி 1,487 மைல் தூரம் சென்றார். கணக்குப் பார்த்தால் மணிக்கு எட்டு மைல்கூட வராது. வேகத்தில் நம்மில் எவரும் அவரை வெல்லலாம். எட்டு நாள் விழித்திருக்கத்தான் நம்மால் ஆகாது. 1980 இல் 33 மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார். 1981 இற் சென்னையில் 80 மணி நேரம் நீரில் மிதந்தார். இவற்றால் கின்னஸ் நூலில் அவர் பெயர் பலமுறை ஏறியது. ஆனால் உறக்கத்தை ஒழித்து உடலை வருத்தும் இவ்வருஞ்செயல்களைச் சுகவாழ்வுக்கு வழி என்று நாம் கொள்ளலாகாது. அவை மனவுறுதிக்குச் சான்று. நாம் அவரிடம் கொள்ளவேண்டியது அந்நாள்களுக்கு முந்திய ஆண்டுகளின் ஒழுங்கான பயிற்சியை.

1984 ஓகஸ்ட் 6 ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் நீத்தார்; வயது 41. 1875 இற் கப்டன் வெப் முதன்முதலாக 21 மணி 45 நிமிடத்திற் கடந்த நீர்ப்பரப்பு அது. அகலம் 21 மைல்தானே, நம் கடலிலும் குறைந்ததன்றோ என்று கேட்கலாம். வேறுபாடு தூரத்தில் இல்லை, குளிரில் உள்ளது. நம் கடல்நீர் பெரும்பாலும் 27 பாகை செல்சியசுக்கு மேல். அக்கால்வாய் கோடையிலும் 18 பாகையைத் தாண்டுவது அரிது. காற்றைக் காட்டிலும் நீர் இருபது மடங்குக்கு மேல் விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். உடலின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் கை கால் தடுமாறும். பின் அறிவு மயங்கும். தான் குளிர்ந்துகொண்டிருப்பதையே நீந்துபவன் உணரான். எவ்வளவு வலிய உடலுக்கும் இந்த எல்லை உண்டு.

அதே ஆண்டில் வட கடலிலே தடை வலயங்கள் வந்தன. 2009 வரை நீடித்த போரிற் கடல் பெரும்பாலும் நமக்கு மூடிய கதவாயிற்று. தந்தை மகனைத் தோளிலேற்றி ஆழத்திற் கொண்டுபோய் விட்டுக் கற்பித்த நீச்சல் அவ்விடத்தில் அறுந்தது. இன்று இவ்வூரிலேயே கரையில் நின்று அலையைப் பார்ப்பதோடு திரும்பும் இளைஞர் பலர். நவரத்தினசாமி புறப்பட்ட கரையில் நீந்தத் தெரியாத பிள்ளை வளர்வதைக் காட்டிலும் நமக்கு வேறு குறை வேண்டுமா?

உணவைப் பற்றியும் சில சொல்லவேண்டும். நெல்லை அவித்துக் குத்தும் நம் வழக்கத்தைப் பழைய பழக்கம் என்று சிலர் நகைப்பர். 1890 களில் யாவாத் தீவில் எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் நரம்பு தளர்ந்து விழுவதைக் கண்டார். அவ்வழியே உயிர்ச்சத்து என்னும் கொள்கை வளர்ந்தது. 1929 இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி ஒன்று அரிசியினுட் சென்று தங்குகிறது. நம் பாட்டிமார் விஞ்ஞானம் படித்து இதைச் செய்யவில்லை. செய்தது சரியாயிருந்தது, அவ்வளவுதான். 100 கிராம் குரக்கனிற் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. மீனும் நண்டும் பயிற்றங்காயும் முருங்கையிலையும் ஒடியல்மாவும் சேரும் கூழைப் போல ஒரே கலத்தில் இத்தனை சத்தைத் தரும் உணவு நாம் அறிந்தவரை வேறில்லை. (வீட்டிற் சைவமாயின் மீனை நீக்கிப் பயற்றைக் கூட்டுக.)

துணைச்சத்துக்கள் புதியனவும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் மேனாட்டுக் கொட் மீனெண்ணெய் வரத்து அற்றபோது இந்தியாவிற் சுறாவின் ஈரலெண்ணெய் எடுத்து அதற்கீடாக வழங்கினர். குறையுள்ளவனுக்குக் குறையை நிரப்புவதே அதன் பயன். புரதமாவுக்கும் இதே அளவுகோலை வைப்போம். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு நாளொன்றுக்கு 48 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்வோனுக்கு 96 கிராம் வரை பயன்படும். 100 கிராம் மீனில் 20 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், 100 கிராம் பாசிப்பயற்றில் 24 கிராமும் உள்ளன. கணக்கை அவரவரே போட்டுப் பார்க்கலாம். மாவு நஞ்சன்று; பெரும்பாலார்க்கு வீண்செலவு. ஆனால் தசை விரைந்து திரள வேண்டுமென்று ஊசியாகவும் குளிகையாகவும் கள்ளமாக விற்கப்படும் ஊக்கமருந்துகள் வேறு வகை. இருதயத்தையும் ஈரலையும் கெடுப்பன. இரண்டையும் ஒரே கடைத்தட்டில் வைத்துப் பேசும் நண்பர்களிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

ஆனந்தன் 1971 இல் நாட்டிய எல்லை ஐம்பது ஆண்டு நின்றது. 2021 ஏப்ரிலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று மீள 28 மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்து அதை முறியடித்தார். தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஜெய் ஜஸ்வந்த் 2019 மார்ச்சில் ஒருவழியைப் பத்தரை மணி நேரத்திற் கடந்தான். மிஹிர் சென் சென்றதும் ஏப்ரிலிலேயே. வாடை ஓய்ந்து சோழகம் எழுவதற்கு முன் மாசி, பங்குனி, சித்திரையில் நம் கடல் குளம்போற் கிடக்கும். நீச்சல் பழகத் தொடங்குவோர் முதலில் இடுப்பளவு நீரில், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகிருக்க, காலை வேளையில் இறங்குவது நன்று.