லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன் தொடரில் வேலையும் ஓய்வும்

லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன் என்பது பிபிசி தொலைக்காட்சியில் 1973 முதல் 2010 வரை ஒளிபரப்பான ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஆகும். இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலுள்ள ஓம்ஃபர்த் என்னும் சிற்றூரில் இத்தொடர் படமாக்கப்பட்டது. 31 பருவங்களில் 295 பகுதிகள் வெளிவந்தன. அவை அனைத்தையும் ராய் கிளார்க் என்ற ஒரே எழுத்தாளர் எழுதினார். வேலை இல்லாத மூன்று ஆண்கள் ஊரையும் மலைச்சரிவுகளையும் சுற்றித் திரிவதே தொடரின் கதைக்கரு. வேலையிழப்பு, பணி ஓய்வு, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வு ஆகியவற்றை இத்தொடர் கையாண்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கருவின் தோற்றம்

மூன்று முதியவர்களைப் பற்றி ஒரு நகைச்சுவை நாடகம் எழுதித் தருமாறு பிபிசியின் நகைச்சுவைப் பிரிவுத் தலைவர் டங்கன் வுட், கிளார்க்கைக் கேட்டார். முதலில் இக்கரு கிளார்க்குக்குப் பிடிபடவில்லை. மூவரும் மனைவி இல்லாதவர்களாகவும், வேலையற்றவர்களாகவோ ஓய்வு பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்த பின்னரே கதை நகர்ந்தது. குடும்பமும் வேலையும் இல்லாததால் அவர்கள் பதின்ம வயதுச் சிறுவர்களைப் போலக் கட்டற்றுத் திரிய முடிந்தது.

தொடரின் பெயரும் இதையொட்டியதே. இம்மனிதர்கள் வாழ்வின் இலையுதிர் காலத்தில் இல்லை. கோடை முடியும் தறுவாயில் இருந்தாலும் இன்னும் கோடையில்தான் இருக்கிறார்கள் என்பது பெயரின் உட்பொருள்.

முதல் மூவர்

இத்தொடர் பொதுவாக ஓய்வூதியம் பெறும் முதியோரைப் பற்றியது என அறியப்படுகிறது. தொடக்கத்தில் அப்படி இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் அப்போது அரசு ஓய்வூதிய வயது ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60 ஆக இருந்தது. 1973 சனவரியில் முன்னோட்டப் பகுதி ஒளிபரப்பானபோது நடிகர்களின் வயது பின்வருமாறு:

* பீட்டர் சாலிசு (கிளெக்) - 51
* மைக்கேல் பேட்சு (பிளமயர்) - 52
* பில் ஓவன் (காம்போ) - 58

ஆகவே, திரையில் தோன்றியவர்கள் ஓய்வூதிய வயதை எட்டாமலே வேலைக்கு வெளியே நின்ற நடுவயது ஆண்களாகவே தெரிந்தனர். கிளெக் மனைவியை இழந்தவர்; கூட்டுறவுக் கடையில் லினோலியம் தரைவிரிப்பு விற்றவர். காம்போ நெடுங்காலமாக வேலையற்றவர். கந்தல் உடையும் ரப்பர் பூட்சும் அணிந்தவர். பிளமயர் திருமணமாகாதவர்; போர்க்காலத்தில் கார்ப்பரலாக இருந்ததைப் பெருமையாகக் கருதுபவர். முதல் பருவங்களில் இவர்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கூடுவது வழக்கம். செலவில்லாமல் பகற்பொழுதைக் கழிக்க ஏற்ற இடம் அது.

சமூகப் பின்னணி

ஓம்ஃபர்த் கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். தொடர் ஒளிபரப்பான காலத்தில் மேற்கு யார்க்சயரின் நெசவுத்தொழில் தொடர்ந்து நலிந்து வந்தது. பிரித்தானியாவில் 1965 ஆம் ஆண்டின் சட்டம் ஆட்குறைப்புக்கு உள்ளானவர்களுக்கு ஈட்டுத்தொகை பெறும் உரிமையை அளித்தது. தொகை பணிக்காலத்தையும் வயதையும் பொறுத்தது. 41 வயதுக்குப் பின் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றரை வாரச் சம்பளம் கணக்கிடப்பட்டது. ஐம்பதைக் கடந்த தொழிலாளருக்கு வேறு வேலை கிடைப்பது கடினமாக இருந்த நிலையில், ஓய்வூதியம் வரும்வரை அத்தொகையே ஒரு பாலமாக அமைந்தது. 1982 இல் நாட்டில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 இலட்சத்தைக் கடந்தது. இத்தொடரின் கதைகள் இவற்றை நேரடியாகப் பேசுவது அரிது. வேலையின்மையைத் துயரமாகக் காட்டாமல், எதிர்பாராமல் கிடைத்த விடுமுறையாகக் காட்டியதே இத்தொடரின் தனித்தன்மை.

பழைய பணியே அடையாளம்

மூவர் அணியில் மூன்றாவது இடம் பலமுறை மாறியது. அவ்விடத்திற்கு வந்த முதன்மைக் கதைமாந்தர் தம் பழைய பணியை விடாமல் பற்றிக்கொண்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

* ஃபாகி (பிரையன் வைல்டு): பெயர்ப்பலகை எழுதியவர். ஆனால் எப்போதும் தம் படைவீரர் காலத்தைப் பற்றியே பேசுவார்.
* சீமோர் (மைக்கேல் ஆல்ட்ரிட்சு): முன்னாள் தலைமையாசிரியர். மற்ற இருவரையும் மாணவர்களாகவே நடத்துவார்.
* ட்ரூலி (ஃபிராங்க் தார்ன்டன்): ஓய்வு பெற்ற காவல் அதிகாரி. இன்னும் பணியில் இருப்பவர் போல ஊரைக் கண்காணிப்பார்.

பதவி போன பின்பும் அதன் தோரணை போகாத மனிதர், பதவியே வகித்திராத காம்போவின் கேலிக்கு ஆளாவார். தொடரின் நகைச்சுவையில் பெரும்பகுதி இம்மோதலில் இருந்து பிறந்தது.

அணியை விட்டு விலகும் முறையும் கவனிக்கத்தக்கது. பிளமயர் திருமணம் செய்துகொள்வதற்காக விலகினார். ஃபாகி முட்டைகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலை ஏற்று பிரிட்லிங்டன் நகருக்குச் சென்றார். 1990 இல் திரும்பி வந்தார். அதே ஆண்டில் சீமோர் மீண்டும் பள்ளிப் பணிக்குச் சென்றார். வேலையோ மனைவியோ கிடைத்தவருக்கு மூவர் அணியில் இடமில்லை என்ற கிளார்க்கின் தொடக்க விதி இவ்வாறு கடைசிவரை காக்கப்பட்டது.

பெண்களுக்கு ஓய்வில்லை

இத்தொடரில் ஓய்வை அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஐவி (சேன் ஃபிரீமன்) கணவர் சிட்டுடன் சிற்றுண்டிக்கடையை நடத்தினார். சிட்டாக நடித்த சான் கோமர் 1984 இல் மறைந்த பிறகு, கதையிலும் ஐவி தனியாகவே கடையைத் தொடர்ந்தார். நோரா பேட்டி (கேத்தி ஸ்டாஃப்) கையில் துடைப்பத்துடன் வாசற்படியைப் பெருக்கும் காட்சி தொடரின் அடையாளமாக ஆயிற்று. பழைய பொருட்கள் கடை நடத்தும் ஆன்ட்டி வெயின்ரைட் (சீன் அலெக்சாண்டர்), கடைக்குள் நுழைந்த எவரையும் எதையாவது வாங்க வைக்காமல் வெளியே விடுவதில்லை. ஆண்களுக்கு வேலை என்பது நின்றுபோகக்கூடிய ஒன்று. வீட்டு வேலையில் ஆட்குறைப்பும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை என்பதை இக்கதைமாந்தர் சொல்லாமலே உணர்த்துகின்றனர்.

ஓய்வு பெறாத நடிகர்கள்

37 ஆண்டுகளில் கதைமாந்தரும் நடிகரும் ஒருசேர முதுமையடைந்தனர். வேலை இல்லாதவர்களாக நடித்தவர்கள் தாம் வேலையை விடவில்லை. தோரா கேர்டு 1986 இல் 74 ஆவது வயதில் ஈடி என்ற பாத்திரத்தில் சேர்ந்து 2003 இல் இறக்கும்வரை தொடரில் இருந்தார். பில் ஓவன் 1999 சூலையில் 85 ஆவது வயதில் காலமானார். காம்போவின் இறப்பும் இறுதிச் சடங்கும் 2000 ஆம் ஆண்டில் கதையில் இடம்பெற்றன.

கடைசி இரு பருவங்களில் சாலிசும் தார்ன்டனும் உள்ளரங்கக் காட்சிகளில் மட்டுமே தோன்றினர். அவர்களின் வயது காரணமாக வெளிப்புறப் படப்பிடிப்புக்கான காப்பீட்டுச் செலவு மிக அதிகமானதே இதற்குக் காரணம். மலைச்சரிவில் திரிவதற்கென்றே படைக்கப்பட்ட கிளெக், இறுதியில் நாற்காலியில் அமர்ந்து பேச வேண்டியதாயிற்று. வெளியே சுற்றும் பொறுப்பு ஆபோ (ரசு ஆபட்), என்ட்விசில் (பர்ட் குவாக்), ஆல்வின் (பிரையன் மர்பி) ஆகியோரிடம் சென்றது.

கடைசிப் பகுதி 2010 ஆகத்து 29 அன்று ஒளிபரப்பானது. அப்போது சாலிசு, தார்ன்டன் இருவருக்கும் வயது 89, கிளார்க்குக்கு 80. 295 பகுதிகளிலும் நடித்தவர் சாலிசு ஒருவரே. தொழிலாளரை 65 வயதில் ஓய்வு பெறச் செய்ய முதலாளிகளை அனுமதித்த பிரித்தானிய விதி, அதற்கு அடுத்த ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

தாக்கம்

தொடரின் புகழால் ஓம்ஃபர்த் சுற்றுலாத் தலமாக மாறியது. சிட்டின் சிற்றுண்டிக்கடையாகத் திரையில் காட்டப்பட்ட கட்டடம் பின்னாளில் உண்மையான சிற்றுண்டிக்கடை ஆயிற்று. வேலையற்றவர்களைப் பற்றிய கதை, ஆலைகள் நலிந்த ஓர் ஊருக்கு வேலைகளை உருவாக்கித் தந்தது. சாலிசு 2017 சூனில் 96 ஆவது வயதில் காலமானார். ஓம்ஃபர்த்தை அடுத்த அப்பர்தாங் தேவாலய வளாகத்தில், பில் ஓவனின் கல்லறைக்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.