ஒரே தடை, இரு காரணங்கள்

செல்லின் ஒரு செயல்முறையை வேதிப்பொருளால் நிறுத்தும்போது வைரஸின் பெருக்கமும் நின்றுவிட்டால், அதிலிருந்து நாம் எதை முடிவு செய்யலாம்? ஆக்டினோமைசின் டி என்னும் தடுப்பானின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க பாடம்.

இப்பொருள் டி.என்.ஏ.வோடு பிணைந்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தடுக்கிறது. மெங்கோ வைரஸ் போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்கள் இத்தடைக்கு உட்பட்ட செல்களிலும் பெருகுவதை 1960-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கண்டனர். அவற்றின் பெருக்கத்திற்கு டி.என்.ஏ. தேவையில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் இன்புளுயன்சா வைரஸும், கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ரௌஸ் சர்கோமா வைரஸும் இவ்விதிக்கு அடங்கவில்லை. ஆர்.என்.ஏ. வைரஸ்களாக இருந்தும் இரண்டும் முடங்கின.

ரௌஸ் வைரஸை ஆராய்ந்த ஹோவர்ட் டெமின், அதன் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் டி.என்.ஏ.வாக மாற்றப்படுகிறது என்று 1964-இல் முன்மொழிந்தார். பலர் ஏற்கவில்லை. தடுப்பான் செல்லையே நலியச் செய்து, அதன் விளைவாக வைரஸ் குன்றியிருக்கலாம் அல்லவா? அந்த ஐயம் நியாயமானதே. 1970-இல் டெமினும் சதோஷி மிசுதானியும் ஒருபுறம், டேவிட் பால்டிமோர் மறுபுறம், ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை வைரஸ் துகளுக்குள்ளேயே கண்டறிந்த பின்னரே அது அகன்றது. 1975-இல் டெமின், பால்டிமோர், ரெனட்டோ டல்பெக்கோ மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்புளுயன்சாவுக்கோ டி.என்.ஏ. நிலையே இல்லை. செல் புதிதாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ.க்களின் முனைத் துண்டுகளை வெட்டியெடுத்து, தன் தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கமாக அது பயன்படுத்துகிறது என்பதை ராபர்ட் கிரக் குழுவினர் 1970-களின் பிற்பகுதியில் காட்டினர். செல்லின் படியெடுப்பு நின்றால் களவாட எதுவும் இராது. ஒரே தடுப்பான், ஒரே விளைவு; காரணங்களோ முற்றிலும் வேறு.

இது பழங்கதை அன்று. 2020-இல் குளோரோகுயின், குரங்குச் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வீரோ செல்களில் கொரோனா வைரஸைத் தடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில், அதன் வழிப்பொருளான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. மனித நுரையீரல் செல்வகையான கலு-3-இல் வைரஸ் வேறு வழியாக நுழைவதால் அம்மருந்துகள் பயன்படவில்லை என்பது பின்னரே வெளியாயிற்று. தடுப்பான் தரும் முடிவைக் காணும்போதெல்லாம், எந்தச் செல்லில், எந்தப் படிநிலையில், எக்காரணத்தால் என்று ஆய்வு மாணவர் கேட்டே ஆக வேண்டும்.