டீசலில் புறப்பட்டு மீற்றரில் முடியும் ஒரு யூனிட்

நெடுந்தீவில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் வேண்டிய எரிபொருள் கடல் கடந்துதான் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும், அங்கிருந்து ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் வீதி போனது. வீதியோடு மின்கம்பியும் போனது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ள நயினாதீவும் நெடுந்தீவும், ஊர்காவற்றுறைப் பக்கத்து அனலைதீவும் எழுவைதீவும் தேசிய மின்வலைக்கு வெளியே நிற்கின்றன. அங்கெல்லாம் இலங்கை மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளே நெடுங்காலமாக ஊரைச் சுமந்து வந்தன. அப்படியொரு தீவின் வீட்டில் செலவாகும் ஒரு யூனிட் மின்சாரம் என்னென்ன பாடுபட்டு வந்து சேர்கிறது என்று பார்ப்போம்.

டீசலாக இருக்கும்போது அது வெறும் இரசாயன ஆற்றல். ஒரு லீற்றருக்குள் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் நல்ல மின்பிறப்பாக்கிகூட 3 அல்லது 4 யூனிட்டைத்தான் மின்சாரமாகத் தரும். மீதி வெப்பமாகிப் புகைக்குழாயாலும் றேடியேற்றராலும் காற்றில் கலந்துவிடுகிறது. டீசல் இயந்திரத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒரு தண்டைச் சுழற்றுவது. நான்கு காந்த முனைகள் கொண்ட மின்பிறப்பாக்கி என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்று. அந்த வேகம் பிசகினால் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலைவெண்ணும் பிசகும்.

தண்டின் மறுமுனையில் சுழலி இருக்கிறது. இரும்பில் செப்புக்கம்பி சுற்றிய மின்காந்தம் அது. காந்தமாவதற்கு அதற்கே மின்சாரம் வேண்டும். மின்சாரமோ இன்னும் பிறக்கவில்லை. இந்தச் சிக்கலை அவிழ்ப்பது இரும்பின் ஞாபகம். கடைசியாக நிறுத்தியபோது இரும்பில் தங்கிவிட்ட மிகச்சிறிய காந்தம் சுழலத் தொடங்கியதும் சில வோல்ற்று மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அந்த மின்சாரம் திரும்பவும் சுழலியின் சுருளுக்கே போய்க் காந்தத்தைக் கூட்ட, கூடிய காந்தம் இன்னும் மின்சாரத்தைக் கூட்ட, சில வினாடிகளில் முழு மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. நெடுநாள் சும்மா கிடந்த மின்பிறப்பாக்கி அந்த மிச்சக் காந்தத்தை இழந்துவிடுவதும் உண்டு. அப்போது இயந்திரம் ஓடும், விளக்கு எரியாது. பற்றரியிலிருந்து ஒரு கணம் மின்சாரம் கொடுத்தால் இரும்பு மறுபடி காந்தமாகி வேலையைத் தொடங்கும்.

சுழலியைச் சுற்றிலும் அசையாத செப்புச் சுருள்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் அந்தச் சிறிய இடைவெளியைத் தாண்டி ஆற்றல் போகிறது. இது எப்படி என்பதை மைக்கேல் பரடே 1831இல் காட்டினார். அந்த ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, ஓர் இரும்பு வளையத்தில் சுற்றிய இரண்டு சுருள்களில் ஒன்றுக்கு மின்சாரத்தைக் கொடுத்தபோதும் நிறுத்தியபோதும் மட்டும் மற்றச் சுருளோடு இணைந்த முள் துள்ளியது. ஒக்ரோபர் 17ஆம் திகதி சுருளுக்குள் காந்தத்தைச் செருகி எடுத்தார். அப்போதும் முள் அசைந்தது. காந்தத்தைச் சுருளுக்குள்ளேயே வைத்திருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறவேண்டும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும். முழு விதியும் இதுதான்.

மாலையில் ஊர் விளக்குப் போடும் நேரத்தில் மின்பிறப்பாக்கியின் அருகில் நின்றால் இயந்திரத்தின் சத்தம் கனத்துப்போவது காதுக்குத் தெரியும். சுருளில் மின்னோட்டம் கூடும்போது அந்த மின்னோட்டமும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிச் சுழலியைப் பின்னுக்கு இழுக்கிறது. தண்டு தளராமல் இருக்க இயந்திரம் கூடுதல் டீசலைக் குடிக்கிறது. 1834இல் லென்ஸ் சொன்ன விதி இது. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு இதைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் போரால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளானது. தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் குடாநாட்டாரும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். போத்தல் வடிவில் இருந்த அந்த 6 வோல்ற்று, 3 வாற் டைனமோவுக்குள்ளும் சுழல்வது காந்தம்தான், அசையாமல் நிற்பது சுருள்தான். மின்சாரம் எடுக்காதபோது இலேசாகச் சுற்றும் பெடல், எடுக்கத் தொடங்கியதும் கனக்கும். ஒரு செய்தியறிக்கை முடியும்வரை சுற்றியவருக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது தோள்மூட்டில் தெரிந்திருக்கும். அந்த நாட்களின் மிகச் சிறந்த பௌதிகவியல் ஆய்வுகூடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதே தூண்டலை இயற்கையும் தீவுகளைச் சூழ்ந்த கடலில் நடத்துகிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் அருகால் செல்வதால், தீவுகளில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கிறது. அதன் வலிமை சுமார் 40 மைக்ரோ ரெஸ்லா. மின்பிறப்பாக்கியின் இடைவெளியில் உள்ள புலம் அதைப்போல சுமார் 20 ஆயிரம் மடங்கு. ஆனால் அந்த மெல்லிய புலமும் சூரியனின் குழப்பங்களால் திடீரென்று மாறுவதுண்டு. மாறினால் உப்புக்கடலில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. தென்னிந்தியக் காந்த ஆய்வுநிலையங்களின் பதிவுகளில் கண்ட வித்தியாசமான ஏற்ற இறக்கங்களுக்கு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஒடுக்கத்தில் நெருங்கிப் பாயும் இந்த மின்னோட்டத்தையே புவிப்பௌதிகவியலாளர்கள் 1970களின் கடைசியில் காரணமாகக் காட்டினார்கள். நெடுந்தீவுப் பயணிகளை ஏற்றிக் குமுதினிப் படகு ஓடிய கடலில் கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டமும் இருக்கிறது.

நம் யூனிட்டுக்குத் திரும்புவோம். தூரம் போகவேண்டிய இடத்தில் மின்மாற்றி அதை உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஏற்றும். ஊருக்குள் இன்னொன்று 230 வோல்ற்றுக்கு இறக்கும். மின்மாற்றி வேறொன்றுமில்லை, பரடேயின் இரும்பு வளையமேதான். வீட்டு வாசலில் பழைய மீற்றர் இருந்தால் அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு சுற்றுவதைப் பார்க்கலாம். அந்தத் தட்டுக்கு எந்தக் கம்பியும் போவதில்லை. மேலும் கீழும் உள்ள சுருள்கள் தட்டுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டித் தள்ளுகின்றன. ஓரத்தில் உள்ள நிலையான காந்தம் அதற்குப் பிரேக் போடுகிறது. தள்ளுதலும் தடுத்தலும் இரண்டும் தூண்டலே. தட்டு சுற்றச் சுற்ற இலக்கம் நகர்ந்து, யூனிட்டின் கணக்கு முடிகிறது.

இவ்வளவிலும் காந்தமோ செப்போ தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. தீர்வது சுழற்றும் டீசல் மட்டுமே. சோளகமும் வாடையும் மாறிமாறி அடிக்கும் தீவுக்கு, தண்டைச் சுழற்றக் கடல் கடந்து எண்ணெய் கொண்டுபோவதை நியாயப்படுத்துவது கடினம். எழுவைதீவில் சூரிய ஒளியையும் காற்றையும் டீசலோடு சேர்த்த முன்னோடித் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரு நிறுவனமொன்றோடு ஒப்பந்தம். சுமார் 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் 530 கிலோவாற் காற்றாலை, 1700 கிலோவாற் சூரியத் தகடுகள், 2400 யூனிட் தாங்கும் பற்றரி, துணைக்கு 2500 கிலோவாற் டீசல். இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியில் தீவு மக்களுக்கு மூன்று ஆண்டுகள் வீணாகின. அந்த ஆண்டுகளுக்குள்தான் நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற 2022உம் வந்துபோனது.

சூரியத் தகட்டுக்குள் காந்தத்துக்கு வேலையில்லை. காற்றாலைக்குள் உண்டு: அங்கும் சுழலும் காந்தம், நிற்கும் சுருள். உப்புக்காற்று அதன் இணைப்புகளை அரிக்கும், பழுது வரும். ஒவ்வொரு பழுதுக்கும் கொழும்பிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருந்தால் மறுபடியும் டீசல்தான் ஓடும். ஆகவே திட்டத்தைப் பொறுப்பேற்றிருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை: காற்றாலையை நிறுவும்போதே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுப் பிள்ளைகளில் சிலரை அதைக் கழற்றிப் பூட்டவும் பழுதுபார்க்கவும் பழக்குங்கள். அந்தச் செலவையும் திட்டச் செலவிலேயே சேருங்கள்.